நீலப் பெட்டிக்குள் ஒரு வறுத்த அரிசி

மலையுச்சியில் பிறந்த சுனை ஒன்று அடிவாரத்துக்கு வந்ததும் இரண்டாகப் பிரிந்தது. வலப்புறக் கரையில் ஒரு நரி பளிங்குக் கல்லை நட்டு, சிங்கம் குடிக்கும் நீர் இதுவே என்று பறைசாற்றி, மிடறு ஒன்றுக்குக் கோழி ஒன்று என விலை வைத்தது. இடப்புறக் கரையில் ஆமை ஒன்று ஒரு பிடி புல்லைப் பெற்றுக்கொண்டு வழிவிட்டது. கரடி ஒன்று வலப்புறம் குடித்துத் தாகம் தீர்ந்ததும் நரியைப் போற்றியது. ஆமையின் நீரைப் பழித்துக் காறித் துப்பியது. தான் துப்பிய இடம் சுனை பிரிவதற்கு மேலே இருந்ததை அது கவனிக்கவில்லை. கரடிகள் பொதுவாகக் கவனிப்பதில்லை.

துப்பறியும் ஜெயபாலன் அப்படிப்பட்ட கரடி ஒன்றைக் காலை ஒன்பது மணிக்குச் சந்திக்கவிருந்தார். அதற்கு முன்பாக, மலாக்கா நகரின் காஜா பெராங் சாலையில் இருந்த ஆமையின் கடையில் அவர் நின்றுகொண்டிருந்தார்.

மலாயா சுதந்திரம் பெற்று எட்டு மாதங்கள் ஆகியிருந்தன. ஜெயபாலன் இருபது ஆண்டுகள் துறைமுகச் சுங்கத்தில் பெட்டிகளைத் திறந்து பார்த்தவர். பெட்டியின்மேல் எழுதியிருப்பதை நம்பும் வழக்கம் அவரிடம் கிடையாது. அவருடைய உதவியாளர் சீதா நாள்தோறும் நகருக்கு வெளியே இருந்த செமாபோக்கிலிருந்து சைக்கிளில் வருபவள். நிமிடத்துக்கு அறுபது சொற்கள் தட்டச்சுச் செய்வாள், பேசும்போது அந்தக் கணக்கெல்லாம் பார்க்கமாட்டாள்.

“நாளைக்குப் பத்து மணிக்கு விசாரணைங்க,” என்றார் மருந்துக் கடைக்காரர் அப்பாசாமி. “என் மாத்திரை வெறும் சுண்ணாம்புன்னு கலியாணசுந்தரம் மனு போட்டுட்டாரு. உரிமம் போயிட்டா கடைய மூட வேண்டியதுதான். காசம் வந்த நெஞ்சு நோய்க்காரங்க நாப்பது பேரு இங்கதான் வாங்குறாங்க. அவங்க எங்கங்க போவாங்க?”

“அரசாங்க ஆஸ்பத்திரியில் சும்மா கொடுக்கிறார்களே?”

“குடுக்குறாங்க. ஒரு நாள் கூலிய விட்டுட்டு வரிசையில நிக்கணும். நிக்கிறத யாராச்சும் பாத்துட்டா மறுநாள் வேலையும் இருக்காது.”

“அந்த நாற்பது பேரில் குணமானவர்கள் இரண்டு பேரைச் சாட்சிக்கு அழைக்கலாம். பெயர் சொல்லுங்கள்.”

அப்பாசாமி தலையை அசைத்தார். “அது மட்டும் கேக்காதீங்க, ஐயா. நெஞ்சு நோயின்னா பொண்ணு குடுக்கமாட்டான், வீடு வாடகைக்கு விடமாட்டான். பேரச் சொல்லமாட்டேன்னு வாக்குக் குடுத்துத்தான் விக்கிறேன்.”

“கடையே போனாலுமா?” என்று சீதா கேட்டாள்.

“கடைதானம்மா.”

ஜெயபாலன் மேசைமேல் இருந்த பழுப்பு நிறத் தகர டப்பாவைத் திறந்தார். ஆயிரம் வெள்ளை மாத்திரைகள் கொண்ட டப்பா. வெளிச்சீட்டில் அலங்காரம் ஏதுமில்லை. ஐசோனியாசிட், நூறு மில்லிகிராம், பிரிட்டிஷ் மருந்து நூலின் தரம் என்று மட்டும் ஆங்கிலத்தில் அச்சாகியிருந்தது. மாத்திரைகளுக்கு நடுவே பொன்னிறமாக வறுத்த அரிசி மணிகள் சிதறிக் கிடந்தன.

“மலாக்காக் கடல்காத்துல மாத்திரை வேர்த்து இளகிப் போயிடும்,” என்று அப்பாசாமி விளக்கினார். “உப்புச் சாடியில போடுற மாதிரி ஒரு கைப்பிடி வறுத்துப் போடுறேன். எண்ணும்போது பொறுக்கி எடுத்துடுவேன். எப்பவாச்சும் ஒண்ணு தப்பிப் போயிடும். நூறு மாத்திரை விலை ரெண்டரை வெள்ளி.”

“அரிசி இனாம்,” என்றாள் சீதா. “இன்னும் கொஞ்சம் பருப்பும் போட்டா சாப்பாட்டுக் கடைக்கு உரிமம் கேக்கலாம், அண்ணே.”

*

கலியாணசுந்தரம் ரப்பர் ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றின் தலைமைக் கிராணி; எழுத்தர்களுக்கெல்லாம் மேலானவர். பதினோரு மாதங்களுக்கு முன் நெஞ்சு நோய் கண்டு, ஊசிகள் போட்டு முடித்து, மாத்திரையைத் தொடர்ந்தபடி இப்போது விடுப்பில் வீட்டோடு இருந்தார். அவர் வீடு அப்பாசாமி கடையிலிருந்து கூப்பிடு தூரம். எனினும் அந்தக் கடையை அவர் ஏதோ அயல்நாட்டைச் சொல்வதுபோலவே குறிப்பிட்டார்.

“அந்தப் பக்கமெல்லாம் நான் போறதில்லை, மிஸ்டர் ஜெயபாலன். இந்தப் பொண்ணு யாரு?”

“என் உதவியாளர்.”

“டைப் அடிக்கவா?”

“ஆமாங்க,” என்றாள் சீதா. “இதுவரைக்கும் டைப் மட்டும்தான் அடிச்சிருக்கேன்.”

கலியாணசுந்தரம் அந்தப் பதிலைக் காதில் வாங்கிக்கொள்ளும் அளவுக்கு யாரையும் மதிப்பவர் அல்லர். சுவரில் மாட்டியிருந்த தம் நெஞ்சின் எக்ஸ்ரே படத்தைச் சுட்டிக் காட்டினார். மற்ற வீடுகளில் அந்த இடத்தில் சாமி படம் இருக்கும்.

“சுத்தமா இருக்கு பாருங்க. பதினாலு பவுண்டு எடை கூடியிருக்கேன். டாக்டர் சீட்டுல வெறும் ஐசோனியாசிட்னுதான் எழுதினார். எதை வேணும்னாலும் வாங்கலாம்னு சொன்னார். பதினெட்டு வெள்ளி மருந்தும் ரெண்டரை வெள்ளி மருந்தும் ஒண்ணாகுமா? லண்டன்ல செஞ்ச கார்வெனில் தவிர எதையும் தொடமாட்டேன்னு சொல்லிட்டேன்.”

மேசைமேல் நீலப் பெட்டி ஒன்று இருந்தது. அதன் நெற்றியில் தங்க மகுடம். உள்ளே கார்வெனில் புட்டி, பட்டுப்போன்ற தாளில் பொதிந்து கிடந்தது.

“அப்பாசாமி மாத்திரையை நீங்கள் சாப்பிட்டுப் பார்த்தீர்களா?”

“சாப்பிட்டதாலதானே மனுவே போட்டேன். சீனப் பெருநாளுக்கு டவுன் கடையெல்லாம் மூணு நாள் அடைப்பு. சம்சாரம் சிரம்பான் போயிருந்தா, புட்டி காலி. ஆபீஸ் பியூன் அந்தக் கடையில ஒரு மஞ்சள் பொட்டலம் வாங்கியாந்தான். மூணு நாளும் வாந்தி. நெஞ்சுல குத்தல். சம்சாரம் வந்து கார்வெனில் குடுத்தா. அரை மணி நேரத்துல எழுந்து உக்காந்துட்டேன்.” அவர் உதட்டைச் சுழித்தார். “சுதந்திரம் வந்தா ஆளாளுக்கு மருந்து விக்கலாம்னு நெனச்சிட்டாங்க. கூலிக்காரன் சாப்பிடட்டும். கூலிக்காரன் உடம்பு வேற.”

அவர் மனைவி பூங்காவனம் கோப்பி கொண்டுவந்து வைத்தார். மெலிந்த உருவம், கணவருக்குக் கூடிய பதினாலு பவுண்டில் கால் பவுண்டுகூட அவர்மேல் ஏறியிருக்கவில்லை.

“குடிங்க. லண்டன் டின் கோப்பி,” என்றார் கலியாணசுந்தரம். “உள்ளூர்ப் பசார் தூள் என் தொண்டையில இறங்காது.”

சீதா ஒரு மிடறு குடித்தாள். கோப்பையை ஒருமுறை உற்றுப் பார்த்தாள். பிறகு எதுவும் பேசாமல் முழுவதையும் குடித்து முடித்தாள். அவள் பேசாமல் இருப்பது அரிய நிகழ்ச்சி; ஜெயபாலன் அதை மனத்தில் குறித்துக்கொண்டார்.

“இந்தப் புட்டியை நான் பார்க்கலாமா?”

“தாராளமா. வேலைப்பாட்டைப் பாருங்க.”

ஜெயபாலன் வேலைப்பாட்டைப் பார்க்கவில்லை. மகுடத்துக்கு வெகு கீழே, எறும்பு ஊர்ந்தாற்போன்ற எழுத்தில் அச்சாகியிருந்த வரியைப் படித்தார்: ஐசோனியாசிட், நூறு மில்லிகிராம், பிரிட்டிஷ் மருந்து நூலின் தரம். பிறகு மூடியைத் திறந்து உள்ளங்கையில் கவிழ்த்தார். வழவழப்பான வெள்ளை மாத்திரைகள் மூன்று விழுந்தன. அவற்றுக்குப் பின்னால், அழைக்கப்படாத விருந்தாளியைப்போல, பொன்னிறமாக ஒன்று உருண்டு வந்தது.

வறுத்த அரிசி மணி ஒன்று.

அதை விரலிடுக்கில் மறைத்துக்கொண்டு நிமிர்ந்தவர், வாசற்கதவின் ஓரம் நின்ற பூங்காவனத்தின் கண்கள் தம் கையைவிட்டு அகலாததைக் கண்டார்.

*

“லண்டன்ல அரிசி வறுக்குறாங்களா, சார்?” தெருவுக்கு வந்ததும் சீதா கேட்டாள்.

“வறுப்பதாகக் கேள்விப்பட்டதில்லை.”

“அப்ப டவுன் மருந்துக் கடை முதலாளி, தவுக்கே மாணிக்கவாசகம் மாட்டினாரு. ரெண்டரை வெள்ளிச் சரக்க நீலப் பெட்டியில போட்டு பதினெட்டுக்கு விக்கிறாரு. கார் எப்படி வாங்கினாருன்னு இப்பத் தெரியுது.”

“முடிவு நன்றாகத்தான் இருக்கிறது. கேட்டுவிட்டுச் சொல்வோம்.”

நகரின் நடுவில் இருந்த மாணிக்கவாசகத்தின் மருந்துக் கடையில் கண்ணாடி அதிகம், மருந்து குறைவு. அவர் இவர்களைச் சைக்கிளிலிருந்து செருப்புவரை அளந்து பார்த்துவிட்டு, நாற்காலி இருந்தும் உட்காரச் சொல்லவில்லை. ஜெயபாலன் அரிசி மணியை மேசையின் கண்ணாடிமேல் வைத்து, அது வந்த வழியைச் சொன்னார்.

“கலியாணசுந்தரம் வீட்டுப் புட்டியில இதுவா?” மாணிக்கவாசகம் சிரித்தார். “அந்தப் புட்டி மாத்திரையில மகுடம் இருந்துச்சா?”

“வெறும் வெள்ளை.”

அவர் அலமாரியிலிருந்து புதுப் புட்டி ஒன்றை எடுத்து முத்திரையை உடைத்து ஒரு மாத்திரையை உருட்டிவிட்டார். அதன் முகத்தில் சின்னஞ்சிறு மகுடம் பதிந்திருந்தது.

“கார்வெனில் ஒவ்வொரு மாத்திரையிலயும் இது இருக்கும். உங்க ஆளு பாக்கலையா?”

“பெட்டியிலதான் பெருசா போட்டிருக்கே,” என்றாள் சீதா. “அத்தோட நிறுத்திட்டாரு போல.”

“இதிலும் அப்பாசாமி டப்பாவிலும் இருப்பது ஒரே மருந்துதானே?” என்றார் ஜெயபாலன்.

“ஒரே மருந்துதான். யாரு இல்லேன்னா?” மாணிக்கவாசகத்தின் குரலில் வெட்கத்தின் சாயல்கூட இல்லை. “பெட்டிக்கு ஒரு செலவு, காலண்டருக்கு ஒரு செலவு, சிங்கப்பூர்லேர்ந்து ஏஜெண்டு கார்ல வர்றதுக்கு ஒரு செலவு. மருந்து விலைன்னு பாத்தா ஒண்ணுமில்ல. நான் என்ன கழுத்தைப் பிடிச்சா விக்கிறேன்? கலியாணசுந்தரம் மாதிரி ஆளுக்கு ரெண்டரை வெள்ளின்னு சொன்னா கோவிச்சுக்குவாரு. பதினெட்டுன்னா கும்பிடுறாரு. கும்பிடுறவனை நான் ஏன் தடுக்கணும்?”

“தம் வாடிக்கையாளரை இவ்வளவு மதிக்கும் வியாபாரியை நான் பார்த்ததில்லை,” என்றார் ஜெயபாலன். “புட்டியை மாற்றியது நீங்கள் இல்லை என்பதற்கு என்ன சாட்சி?”

மாணிக்கவாசகம் மருந்துச் சீட்டுகளைப் பதியும் பேரேட்டை இழுத்து, ஒரு பக்கத்தை விரலால் தட்டினார். சென்ற ஆண்டு மே மாதம். கலியாணசுந்தரம், கார்வெனில், ஒரு புட்டி. வாங்கியவர் பூங்காவனம். அதற்குப் பிறகு வந்த பதினொரு மாதப் பக்கங்களிலும் அந்தப் பெயர் இல்லை.

“அந்த ஒண்ணோட சரி. வேற கடைக்குப் போயிட்டாங்கன்னு நெனச்சேன். மலாக்காவுல கார்வெனில் விக்கிற வேற கடை கிடையாது. அப்புறம்தான் யோசிச்சேன், அந்தம்மா வேற மருந்துக்குப் போயிட்டாங்கன்னு. எனக்கென்ன?”

தவுக்கேயைப் பிடிக்க விரித்த வலையில் தவுக்கே இல்லை.

“சார்,” என்றாள் வெளியே வந்ததும். “அந்த வீட்டுக் கோப்பி. லண்டன் டின்னுன்னாரே. வெண்ணெயும் சீனியும் போட்டுக் கருக வறுத்த நம்ம பசார் தூளு. செமாபோக்ல தெனமும் நான் குடிக்கிறது. நாக்கு பொய் சொல்லாது.”

“உன் நாக்கைப்பற்றி நான் இதுவரை வைத்திருந்த கருத்தை மாற்றிக்கொள்கிறேன். போகும் வழியில் அலுவலகத்தில் நிறுத்து. ஒரு கடிதம் தட்டச்சுச் செய்ய வேண்டும்.”

*

இம்முறை அவர்கள் பின்வாசல் வழியாகப் போனார்கள். முன்னறையில் வானொலி பாடிக்கொண்டிருந்தது. கலியாணசுந்தரம் சாய்வு நாற்காலியில் கண்மூடிக் கிடந்தார். சமையலறையில் பூங்காவனம் பால் காய்ச்சிக்கொண்டிருந்தார். கூரையிலிருந்து தொங்கிய கூடை நிறைய முட்டை. அலமாரியில் லண்டன் டின். அதன் பக்கத்தில் நீலப் பெட்டி.

“அக்கா,” என்று சீதா மெல்லக் கூப்பிட்டாள். “லண்டன் டின்ல இருக்கிற தூளு பசார்ல எந்தக் கடை?”

பூங்காவனம் கரண்டியைக் கீழே வைத்தார். மறுக்க முயன்றதாகத் தெரியவில்லை.

“மொத மாசம் பதினெட்டு வெள்ளி குடுத்துத்தான் வாங்கினேன். டாக்டரு, மருந்து மட்டும் போதாது, தெனம் முட்டையும் பாலும் குடுக்கணும்னாரு. சம்பளத்துல ரெண்டும் ஆவாது. இவருகிட்ட சொன்னா, கார்வெனில் இருக்கிறப்ப முட்டை எதுக்குங்கிறாரு. அப்பாசாமி அண்ணன் கடையில ரெண்டு லேபிளையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தேன். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. ஒவ்வொரு எழுத்தா விரலை வச்சு ஒத்துப் பாத்தேன். ஒண்ணுகூட மாறல.”

“மாதம் பதினைந்தரை வெள்ளி முட்டையாகவும் பாலாகவும் அவருக்கே போயிற்று,” என்றார் ஜெயபாலன். “சீனப் பெருநாள் பொட்டலம்? அவருக்கு வாந்தி வந்த மாத்திரைகள்?”

“மிச்சத்தக் கீழ கொட்டச் சொன்னாரு. மருந்தை எப்படிக் கொட்டுறது? அதையும் இந்தப் புட்டியிலதான் போட்டேன். அன்னிக்கே குடுத்தேன். நல்லாருக்குன்னாரு.”

சீதா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“அம்மா, நாளை பத்து மணிக்கு விசாரணை. அப்பாசாமி கடையை மூடப் போகிறார்கள்.”

“மனு போட்டிருக்கேன்னு இவரு சொன்னாரு. அண்ணன் என் பேர சொல்லிடுவாரு, அதோட முடிஞ்சிடும்னு பயந்துக்கிட்டே இருந்தேன். ரெண்டு நாளா தூக்கமில்ல.” அவர் குரல் தாழ்ந்தது. “உங்ககிட்ட அவருதானே சொன்னாரு?”

“இல்லை. ஓர் அரிசி சொன்னது. அவரிடம் நான் கேட்டேன், சொல்ல மறுத்துவிட்டார். நாளைக்கும் சொல்லமாட்டார்.”

பால் பொங்கி வழிந்தது. பூங்காவனம் அடுப்பை அணைத்தார். நீலப் பெட்டியைக் கையில் எடுத்தார். யாரையும் அழைக்காமல் முன்னறைக்கு நடந்தார்.

வானொலி நின்றது.

“என்னங்க, நீங்க பத்து மாசமா சாப்பிட்டது அப்பாசாமி கடை மாத்திரை. இது வெறும் பெட்டி.”

கலியாணசுந்தரம் அவரைப் பார்த்தார். பின்னால் வந்து நின்ற இருவரையும் பார்த்தார். சுவரில் இருந்த தம் நெஞ்சைப் பார்த்தார். அவர் முகம் சாம்பல் பூத்தது. பிறகு, பல மாதங்களில் முதன்முறையாக, இருமத் தொடங்கினார்.

“எனக்கு அப்பவே தெரியும்,” என்றார் இருமலுக்கு நடுவே. “ஒரு வாரமாவே ஒரு மாதிரி இருந்துச்சு. இன்னும் குணமாகல. நான் சாகப் போறேன்.”

“எக்ஸ்ரேயத் திருப்பி மாட்டட்டுமா?” என்றாள் சீதா.

ஜெயபாலன் அரிசி மணியை நாற்காலியின் கைப்பிடிமேல் வைத்தார். “நாளை நீங்கள் கார்வெனிலின் பெருமைக்குச் சான்றாக உங்கள் நெஞ்சைக் காட்டப் போகிறீர்கள். அந்த நெஞ்சைச் சுத்தம் செய்தது அப்பாசாமியின் டப்பா. அதை அதிகாரியிடம் எடுத்துச் சொல்வது என் கடமை. பூங்காவனம் அம்மாளும் வருவார்.”

“வருவேன்,” என்றார் பூங்காவனம்.

தலைமைக் கிராணி மனைவியை நிமிர்ந்து பார்த்தார். அவ்வளவு நாளும் அந்த வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்ததில்லை. அவருடைய இருமல் சற்றே இறங்கியது.

“இது யார் யாருக்குத் தெரியும்?”

“இப்போதைக்கு எங்கள் மூவருக்கும் இரண்டு மருந்துக் கடைக்காரர்களுக்கும். நாளைப் பத்தேகால் மணிக்கு மலாக்காவில் தெரியாதவர் இருக்கமாட்டார்கள்.”

சீதா கைப்பையிலிருந்து மடித்த தாளை எடுத்து நீட்டினாள். ஆராயாமல் கொடுத்துவிட்ட மனுவைத் திரும்பப் பெறுகிறேன் என்று அதில் தட்டச்சாகியிருந்தது. “மூணு காப்பி இருக்குங்க. கையெழுத்து மூணுலயும் வேணும். பேனா உள்ளூர்ப் பேனாதான், மன்னிச்சுக்குங்க.”

கலியாணசுந்தரம் மூன்றிலும் கையெழுத்திட்டார். தாளை நீட்டியபோதும் அவருடைய உதடு பழையபடியே சுழித்திருந்தது. தோற்றவனுக்கு இகழ்ச்சியாவது மிஞ்ச வேண்டும் அல்லவா? பிறகு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மறுபடி இருமினார்.

சுவர்க் கடிகாரம் பன்னிரண்டு அடித்தது. மாத்திரை நேரம். பூங்காவனம் உள்ளே போய், அப்பாசாமி கடைப் பொட்டலத்திலிருந்து ஒரு மாத்திரையை வெறும் கரண்டியில் எடுத்துவந்து நீட்டினார். இனி ஒளிக்க என்ன இருக்கிறது?

கலியாணசுந்தரம் அந்த மாத்திரையை முதன்முறையாக உற்றுப் பார்த்தார். உருண்டையாக, வெள்ளையாக, முத்திரையற்று அது கிடந்தது. அவர் தலையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

“பெட்டியிலேர்ந்து குடு,” என்றார்.

பூங்காவனம் நீலப் பெட்டிக்குள் இருந்த புட்டியைக் காலி செய்து, அந்த மாத்திரையை அதில் போட்டு, மூடியைத் திருகி, ஒருமுறை குலுக்கி, மூடியைத் திறந்து, அதையே அவர் உள்ளங்கையில் உருட்டிவிட்டார்.

அவர் விழுங்கினார். இருமல் நின்றுபோயிற்று.